மேசை மீது ஒரு ஹரிக்கேன்

சென்ற வருட விடுமுறையில் லண்டனிலிருந்து வந்த என் மனைவியின் சகோதரர், என் இளைய மகனுக்கு ஒரு பெட்டி கொண்டு வந்தார். மேலே போர் விமானத்தின் படம். உள்ளே சாம்பல் நிறப் பிளாஸ்ரிக் சட்டங்களில் ஒட்டிக்கொண்டிருந்த சின்னஞ்சிறு பாகங்கள், ஒரு விளக்கத்தாள், நீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள். இரவு இஷா முடிந்து வீட்டுக்கு வந்த எனக்கு மேசையில் அதைக் கண்டதும் உள்ளம் சற்றுச் சுருங்கியது. பதினான்கு வயதுப் பிள்ளைக்குப் போர் விமானம் ஏன்? கிதாபு மனனம் செய்ய வேண்டிய நேரம் இதில் போகுமே! உம்மாவுக்கோ வேறு கவலை. "இந்தக் கம் மணம் தலைக்கு ஏறுமே, மகன்" என்று அவர் யன்னல்களைத் திறந்து விட்டார். அவர் சொன்னதுதான் முதலில் சரியாக வந்தது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

பெட்டியின் பக்கத்தில் இந்த விமானத்தின் பெயர் ஹரிக்கேன் என்று போட்டிருந்தது. மகன் என்னிடம் கேட்டான்: "வாப்பா, இது நம்ம றேஸ்கோர்ஸிலிருந்து பறந்த விமானமாம். உண்மையா?" எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதுதான் ஆலிமுக்கு அழகு என்று மத்ரஸாவில் படித்தோம். ஆகவே தேடிப் பார்த்தேன். நானும் அவனோடு சேர்ந்து மாட்டிக் கொண்டேன் என்றே சொல்ல வேண்டும்.

1942 ஏப்ரல் 5ஆம் திகதி, கிறிஸ்தவச் சகோதரர்களின் ஈஸ்டர் ஞாயிறு. காலை ஏழரை மணியளவில் ஜப்பானியக் கடற்படையின் விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அட்மிரல் நகுமோவின் தலைமையில் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் தெற்குக் கடலில் நின்றன. அவற்றிலிருந்து 120க்கும் மேற்பட்ட விமானங்கள் புறப்பட்டிருந்தன. துறைமுகத்தில் ஹெக்டர் என்ற ஆயுதந்தாங்கிய வணிகக் கப்பலும் டெனெடோஸ் என்ற நாசகாரிக் கப்பலும் மூழ்கின. குண்டுகளில் சில அங்கொடை மனநோய் மருத்துவமனையிலும் விழுந்தன. அன்றே நடுக்கடலில் கோர்ன்வால், டோர்செட்சயர் என்ற இரண்டு பிரித்தானியப் போர்க்கப்பல்களும் தாக்கப்பட்டு மூழ்கி, 424 பேர் உயிரிழந்தனர்.

இறத்மலானையிலிருந்தும் றேஸ்கோர்ஸிலிருந்தும் ஹரிக்கேன்கள் எழுந்தன. இன்று கடைத்தொகுதியாகிவிட்ட அந்தக் குதிரைப் பந்தயத் திடலில் அப்போது அவசரமாக ஓடுபாதை அமைத்திருந்தார்கள். றேஸ்கோர்ஸ் வடக்கில், இறத்மலானை தெற்கில். நம் பாமன்கடை இரண்டுக்கும் நடுவில். அன்றைய சண்டையின் ஒரு பங்கு நம் கூரைகளுக்கு மேல்தான் நடந்திருக்கும் என்று மகன் வரைபடத்தில் அளவுகோலை வைத்துக் காட்டினான். றேஸ்கோர்ஸிலிருந்து எழுந்த 14 ஹரிக்கேன்களில் 9 திரும்பவில்லை. இறத்மலானையில் முன்னெச்சரிக்கை கிடைக்காததால், எதிரி தலைக்கு மேல் வந்த பிறகே ஓடி ஏறினார்கள். பெருங்கடலில் முன்கூட்டியே எதிரியைக் கண்டவர் ஒருவர் இருந்தார். கொக்கலவிலிருந்து கட்டலினா என்ற மிதவை விமானத்தில் போன கனடிய அதிகாரி லெனார்ட் பேர்ச்சல், முதல் நாள் மாலை கப்பற்படையைப் பார்த்து வானொலியில் செய்தி அனுப்பிய பிறகே சுட்டு வீழ்த்தப்பட்டார். போர் முடியும் வரை ஜப்பானியரிடம் கைதியாக இருந்து, 2004இல் காலமானார்.

என் மூத்தம்மா அப்போது பன்னிரண்டு வயதுச் சிறுமி. குண்டு விழுந்த காலம் என்று அவர் சொன்னதெல்லாம் சாமான்களை மாட்டுவண்டியில் ஏற்றி உள்ளூருக்குப் போன கதைதான். விமானத்தின் பெயர் அவருக்குத் தெரியாது. சத்தம் மட்டும் நினைவிருந்தது. நம்மில் பலர் ஜனாஸாக்களுடன் ஜாவத்தை மையவாடிக்குப் போய் வருகிறோம். அதே ஜாவத்தையில் இரண்டாம் உலக யுத்தத்தில் இறந்த பொதுநலவாயப் படையினரின் கல்லறை வரிசைகளும் உண்டு. இவ்வளவு காலம் நான் ஒருநாளும் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை.

இனி, இந்தக் கலையைப் பற்றி. இவ்விமான மாதிரிகளில் மிகப் பரவலான அளவு 72இல் 1. அதாவது ஆறடி உயர மனிதன் ஓர் அங்குலமாகச் சுருங்குவான். ஹரிக்கேனின் இறக்கை அகலம் 40 அடி. மாதிரியில் அது 17 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. உள்ளங்கையில் அடங்கும். இந்த அளவு விளையாட்டுக்காக மட்டும் பயன்பட்டதன்று. 1942இல் அமெரிக்கக் கடற்படை, தன் வீரர்கள் நட்பு விமானத்தையும் எதிரி விமானத்தையும் பார்வையில் பிரித்தறியப் பழகுவதற்காக, இதே அளவில் ஐந்து இலட்சம் மர மாதிரிகளைச் செய்து தரும்படி பாடசாலை மாணவர்களைக் கேட்டது. நம் வானத்தில் குண்டு விழுந்த அதே வருடம்!

போருக்குப் பின் பிளாஸ்ரிக் வந்தது. எயார்ஃபிக்ஸ் நிறுவனத்தை 1939இல் பிரித்தானியாவில் தொடங்கியவர் ஹங்கேரியிலிருந்து அகதியாக வந்த யூதர், நிக்கலஸ் கோவ். அந்நிறுவனத்தின் முதல் விமானக் கிட் 1953இல் வந்த ஸ்பிட்ஃபயர். ஜப்பானில் தமியா நிறுவனம் 1946இல் ஷிசுவோக்காவில் மர வியாபாரமாகத் தொடங்கி, மர மாதிரிகள் செய்து, பின்னர் பிளாஸ்ரிக்குக்கு மாறியது. ஒரு காலத்தில் ஒன்றையொன்று சுட்ட நாடுகள், அதே விமானங்களை ஒரே அலமாரியில் வைக்கும்படி இன்று பெட்டி பெட்டியாக விற்கின்றன.

மகன் செய்ததைப் பார்த்தபோது இது பொறுமைக்கான பள்ளிக்கூடம் என்று விளங்கியது. பாகத்தைச் சட்டத்திலிருந்து முறித்து எடுக்கக்கூடாது, வெட்டி எடுக்க வேண்டும். வெட்டிய இடத்தில் எஞ்சும் குமிழை சாண்ட் பேப்பரால் தேய்க்க வேண்டும். முதலில் ஒட்டாமல் பொருத்திப் பார்க்க வேண்டும். சட்டத்தில் எஞ்சிய பிளாஸ்ரிக்கைக் கூட எறிவதில்லை. மெழுகுவர்த்திச் சுடருக்குச் சற்று மேலே பிடித்து, இளகியதும் இரு பக்கமும் இழுத்தால் தலைமுடியை விட மெல்லிய இழை வரும். அதுவே வானொலிக் கம்பி. ஹரிக்கேனின் பின்னுடல் துணி போர்த்திய அமைப்பு. அந்தத் துணியின் விலா எலும்பு போன்ற மேடுகள் இந்தச் சிறு மாதிரியிலும் தெரிகின்றன.

சின்னங்களில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பிரித்தானிய விமானத்தின் வட்டச் சின்னத்தில் நடுவே சிவப்புப் பொட்டு இருந்தது. ஜப்பானியரின் சிவப்பு வட்டத்துடன் குழம்பும் என்பதற்காக 1942 நடுப்பகுதிக்குப் பிறகு இந்தப் பகுதியில் அதை நீக்கினார்கள். ஆகவே ஏப்ரல் 5இன் ஹரிக்கேனில் சிவப்பு இருக்க வேண்டும், அடுத்த வருட ஹரிக்கேனில் இருக்கக்கூடாது. ஜப்பானிய ஸீரோ விமானத்தின் சாம்பல் நிறம் சுத்தமான சாம்பலா, பச்சை கலந்ததா என்பதற்கு இன்றும் வாதம் ஓயவில்லை. ஹதீஸ் அறிவிப்பாளர் வரிசையைத் துருவுவது போல இவர்கள் எஞ்சிய விமானத் துண்டுகளின் வர்ணத்தைத் துருவுகிறார்கள். அதற்காகத்தான் குறிப்பு நூல்கள். பிரித்தானியாவில் 1960களில் ஒரு விமானத்துக்கு ஒரு சிறு புத்தகம் என்று ப்ரொஃபைல் வரிசை வந்தது. இலங்கைத் தாக்குதலைப் பற்றி மைக்கல் டொம்லின்சன் 1976இல் ஒரு முழு நூலே எழுதினார். புகைப்படம் ஒன்றைத் தவிர வேறெதையும் முழுதாக நம்பாதே, புகைப்படத்தையும் இரண்டு முறை பார் என்று மகன் எனக்குச் சொல்லித் தந்தான்!

பித்தளைத் தகட்டில் பொறித்த இருக்கைப் பட்டிகள், தனியே வார்த்த சக்கரங்கள் என்று துணைப் பாகங்களும் விற்கிறார்கள். 72இல் 1 அளவில் ஒரு இருக்கைப் பட்டியின் அகலம் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. பிள்ளைக்கு அது வீண்செலவு, இஸ்ராஃப் என்பது என் கருத்து. ஒரு நல்ல கிட்டின் விலையே பிரத்தியேக வகுப்புக் கட்டணத்துக்குச் சமமாக வந்துவிடும். வருடத்துக்கு ஒன்று போதும், மெதுவாகச் செய்யட்டும்.

உம்மா சொன்ன எச்சரிக்கைக்கு வருவோம். பிளாஸ்ரிக்கை உருக்கி ஒட்டும் பசையிலும் எனாமல் பெயின்றிலும் உள்ள கரைப்பான்களின் ஆவி, மூடிய அறையில் தலைச்சுற்றையும் அதைவிட மோசமானதையும் தரும். யன்னல் திறந்திருக்க வேண்டும், சிறு பிள்ளைகள் பக்கத்தில் இருக்கக்கூடாது. நீரில் கரையும் அக்ரிலிக் பெயின்ற் வீட்டுக்கு நல்லது. நம் கடற்கரைக் காற்றின் ஈரமும் ஒரு தொல்லை. மழை நாளில் லாக்கர் அடித்தால் மேற்பரப்பு வெளுத்துப் போகும். மஞ்சளான சின்னத்தாளை யன்னல் கண்ணாடியில் ஒட்டிச் சில நாள் வெயில் காட்டினால் வெளுக்கிறது.

"ஹஸரத், இது கூடுமா?" என்று வகுப்பில் ஒரு மாணவன் கேட்டுவிட்டான். விமானம் உயிரற்ற பொருள். உயிரற்றவற்றை உருவமைப்பதில் தடையில்லை என்பதற்கு, படம் வரைந்து பிழைத்த ஒருவருக்கு மரத்தையும் உயிரற்றவற்றையும் வரையும்படி இப்னு அப்பாஸ் (ரலி) வழிகாட்டிய செய்தி புகாரியில் உண்டு. அபூதாவூதில் பதிவாகியுள்ளபடி, ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொருட்களுக்கிடையே சிறகு வைத்த குதிரையைக் கண்டு நபி (ஸல்) அவர்கள் சிரித்தார்கள். பிரச்சினை, கிட்டுக்குள் வரும் சிறு விமானி பொம்மை. பிள்ளைகளின் விளையாட்டுப் பொம்மைகளில் அறிஞர்கள் பலர் சலுகை கொடுக்கின்றனர். அலமாரியில் காட்சிக்கு வைப்பதில் பேணுதல் நல்லது என்று நான் சொன்னேன். மகன் சிரித்தான். சக்கரம் இறக்கித் தரையில் நிற்கும் விமானத்தில் விமானி இல்லாமல் இருப்பதுதான் இயல்பாம். பெரும் மாதிரிக்கலைஞர்களும் அப்படித்தான் வைக்கிறார்களாம். இருவரும் ஒரே முடிவுக்கு வேறு வழிகளில் வந்தோம்.

கூடுமா என்பதை விடக் கனமான கேள்வி, கீழ்த்தளத்திலிருந்து வந்தது. எங்கள் குடியிருப்பில் நவாலியைச் சேர்ந்த ஓர் ஆச்சி இருக்கிறார். 1995 ஜூலை 9இல் நவாலி தேவாலயத்தில் விமானக் குண்டு விழுந்து, தஞ்சம் புகுந்திருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் இன்றும் அவர் யன்னலைச் சாத்துவார். 2009 பெப்ரவரி 20 இரவு கொழும்பில் விளக்குகள் அணைந்து, வானத்தில் ஒளிக்கோடுகள் பாய்ந்து, புலிகளின் சிறு விமானம் உள்நாட்டு இறைவரிக் கட்டடத்தில் மோதிய நேரமும் அவருக்கு நினைவிருக்கிறது. ஒரு நாள் பெயின்ற் காய்வதற்காக மாடிப்படிக் கட்டில் வைத்திருந்த ஹரிக்கேனை அவர் கண்டார்.

"தம்பி, இது எந்த ஊருக்குக் குண்டு போட்டது?"

"இல்லை ஆச்சி, இது கொழும்பைக் காக்கப் பறந்தது."

"காக்கப் பறந்ததோ? நாங்கள் கண்டதெல்லாம் மற்ற வகைதான், அப்பன்."

ஹரிக்கேனின் சில வகைகள் குண்டும் சுமந்தன என்பதை நான் அப்போது சொல்லவில்லை. அன்றிரவு மகனிடம் சொன்னேன். அவன் வெகு நேரம் பேசவில்லை. அதன் பிறகு எங்களுக்குள் ஒரு நிபந்தனை வைத்தோம். எந்த விமானத்தைக் கட்டினாலும், அது எங்கே போனது, அதன் கீழே யார் இருந்தார்கள் என்பதைத் தேடி எழுதி, மாதிரியின் அடிப்பலகையின் கீழே ஒட்ட வேண்டும். ஹரிக்கேனின் கீழே இப்போது ஒரு சிறு தாள் இருக்கிறது. றேஸ்கோர்ஸின் 14இல் 9 என்ற கணக்கும், அங்கொடை மருத்துவமனையும் அதில் உண்டு. ஆச்சி கண்ணாடி போட்டு வாசித்துவிட்டு, "துறைமுகத்தில் எத்தனை பேர் செத்தவை?" என்று கேட்டார். அந்தக் கணக்கு எங்கள் தாளில் இல்லை. மகன் தேடிக்கொண்டிருக்கிறான்.

அடுத்தது பேர்ச்சலின் கட்டலினா வேண்டுமாம். இறக்கை 104 அடி. மாதிரியில் 44 சென்ரிமீற்றர் வரும். எங்கே வைப்பது என்று கேட்டால், என் கிதாபு அலமாரியின் மேல் தட்டைக் காட்டுகிறான். உம்மா இன்னும் சம்மதிக்கவில்லை.