தும்புத்தடியும் நாய்க்குட்டியும்



திருகோணமலை நகரை அடுத்துள்ள அன்புவழிபுரத்திற்கு வீடு சந்திப்பிற்காகச் செல்லும் போதெல்லாம், அவ்வூரின் பெயரை ஒருமுறை மனத்திற்குள் சொல்லிப் பார்ப்பது என் வழக்கம். இத்தனை அழகான பெயரைத் தாங்கி நிற்கும் ஊர்கள் நம் நாட்டில் அதிகம் இல்லை. சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்து மாலைப்பொழுதொன்றில் அங்கே ஓர் இல்லத்தின் படலையைத் திறந்தேன். என்னை வரவேற்றது ஒரு நாய்க்குட்டியின் அலறல்.

விறாந்தையில் இரண்டு மாதமே நிரம்பிய பொமேரியன் குட்டியொன்று. வீட்டுத் தலைவி அதன் பிடரியைப் பற்றி, சீமெந்துத் தரையில் தேங்கியிருந்த சிறுநீரில் அதன் மூக்கை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். மறு கையில் தும்புத்தடி. என்னைக் கண்டதும் வெட்கத்துடன் பிடியை விட்டார்.

"எத்தனை தரம் அடிச்சாலும் திருந்துதில்லை சுவாமி. செய்யிறதையும் செய்துபோட்டுக் களவெடுத்தவன் மாதிரி முழிக்குது" என்றார்.

கதவு நிலையைப் பிடித்தபடி அவருடைய ஏழு வயது மகன் நின்றான். அவன் குட்டியைப் பார்க்கவில்லை; தும்புத்தடியையே பார்த்துக்கொண்டிருந்தான். (அந்த இல்லத்தாரின் இசைவுடன்தான் இதனை எழுதுகின்றேன்.)

அத்தாயைக் கடிந்துகொள்ளும் தகுதி எனக்கு இல்லை. குருமடத்தில் பயின்ற நாட்களில், சிற்றாலயத்திற்குச் செல்லும் நடைபாதையை அசுத்தம் செய்த குட்டியொன்றை நானும் இப்படியே அடித்திருக்கின்றேன். அதன்பின் அது என் கண்முன்னே சிறுநீர் கழிக்கவே இல்லை. வென்றுவிட்டதாக எண்ணினேன். ஒரு மாதம் கழித்து, நூலகத்து அலுமாரிக்குப் பின்னாலிருந்து துர்நாற்றம் எழுந்தபோதுதான் அது கற்றுக்கொண்ட பாடம் எதுவென்று புரிந்தது. வீட்டுக்குள் கழிக்கக்கூடாது என்பதை அது கற்கவில்லை. மனிதர் பார்க்கும் இடத்தில் கழிக்கக்கூடாது என்பதையே கற்றிருந்தது.

இதற்குக் காரணம் உண்டு. ருஷ்ய நாட்டு அறிஞர் இவான் பவ்லோவைப் பற்றிப் பாடசாலையில் படித்திருப்பீர்கள். அவரும் ஒரு குருவானவரின் மகன். குருமடத்தில் பயின்று, அதனை விட்டு 1870இல் இயற்கை விஞ்ஞானம் கற்கச் சென்றவர். நாய்களின் சமிபாட்டை ஆராய்ந்து 1904இல் நொபெல் பரிசு பெற்றார். உணவுக்கு முன்னோடியாக ஓர் ஓசை மீண்டும் மீண்டும் ஒலித்தால், நாளடைவில் அந்த ஓசைக்கே நாயின் வாயில் உமிழ்நீர் சுரக்கும் என்பது அவர் கண்டது. இரண்டு நிகழ்வுகள் அடுத்தடுத்து நேர்ந்தால்தான் நாய் அவற்றை இணைத்துக்கொள்ளும். கழித்துப் பத்து நிமிடங்கள் சென்றபின் விழுகின்ற அடியை, அது தன் செயலோடு இணைப்பதில்லை. அடிக்கும் கையோடுதான் இணைக்கின்றது.

அப்படியானால் அந்தக் 'கள்ள முழி'? அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 14 நாய்களைக் கொண்டு இதனைச் சோதித்து 2009இல் வெளியிட்டார். உணவுத்துண்டு ஒன்றைத் தொடாதே என்று நாய்க்குக் கட்டளையிட்டுவிட்டு உரிமையாளர் வெளியே செல்வார். திரும்பி வரும்போது, நாய் அதனைத் தின்றதா இல்லையா என்று அவருக்குச் சொல்லப்படும்; அது சில வேளைகளில் பொய்யாகவும் இருக்கும். குற்றம் செய்த நாய்கள் அதிகமாகக் கூனிக்குறுகவில்லை; ஏச்சு வாங்கிய நாய்களே குறுகின. தின்னாமலே ஏச்சு வாங்கிய நாய்களில் அந்தப் பார்வை இன்னும் அழுத்தமாக வெளிப்பட்டதாம். நாம் குற்றவுணர்வு என்று வாசிப்பது, நம் முகத்தைக் கண்டு அவை கொள்ளும் அச்சம். இதனைப் படித்த நாளில் குருமடத்துக் குட்டியை நினைத்துக்கொண்டேன்.

இனி, குட்டியின் உடலை நோக்குவோம். நான்கு மாதம் வரை சிறுநீரை அடக்கும் ஆற்றல் அதற்கு முழுமையாக வாய்ப்பதில்லை. எத்தனை மாத வயதோ ஏறக்குறைய அத்தனை மணித்தியாலங்களே அடக்க இயலும் என்பது பொதுவான கணக்கு. பொமேரியன் போன்ற சிற்றினங்களின் சிறுநீர்ப்பை மிகச் சிறியது. ஆகவே இன்னும் விரைவாக நிறையும். பெரிய நாய்களைவிட இவை பழகுவதற்குக் காலம் எடுப்பது இதனாலேயே. நமக்கு ஓர் அறை என்பது அக்குட்டிக்கு ஒரு வயல்வெளி. தூரத்து மூலை அதற்கு வெளியிடம்தான். (பனிநாட்டில் வண்டி இழுத்த நாய்களின் வழிவந்த இனம் இது. விக்ரோறியா மகாராணி 1888இல் புளோரன்ஸ் நகரில் வாங்கிய குட்டியால் புகழ்பெற்று, இன்று அத்தனை உரோமத்துடன் நம் திருகோணமலை வெயிலில் மூச்சிரைக்கின்றது.)

அன்று அத்தாயிடம் நான் கூறியவை எளியவை. குட்டி உறங்கி விழித்தவுடன், உண்டு முடித்தவுடன், விளையாடி ஓய்ந்தவுடன் தூக்கிச் சென்று, முற்றத்தில் ஒரே இடத்தில் விடுங்கள். பேசாமல் உடன் நில்லுங்கள். அது கழித்து முடித்த அந்த நொடியிலேயே தடவிக்கொடுத்து, ஒரு சிறு துண்டு உணவு கொடுங்கள். வீட்டுக்குள் வந்தபின் கொடுத்தால் பயனில்லை. உள்ளே இருக்கும்போது உங்கள் பார்வையில் இருக்கட்டும். தரையை மோப்பம் பிடித்துச் சுற்றத் தொடங்கினால் அதுவே அறிவிப்பு. பார்க்க இயலாத வேளையில், திரும்பிப் படுக்கும் அளவான பெட்டியொன்றில் சிறிது நேரம் விடலாம். தான் உறங்கும் இடத்தை நாய் அசுத்தம் செய்ய விரும்பாது. ஆனால் பெட்டியைச் சிறையாக்கிவிடாதீர்கள். தவறு நேர்ந்துவிட்டால் ஒன்றும் சொல்லாமல் துடைத்துவிடுங்கள். அமோனியா கலந்த திரவங்கள் வேண்டாம், அவை நாய்க்குச் சிறுநீரின் வாசனையையே நினைவூட்டும். நீர் கலந்த வினாகிரி நன்று.

பழைய பத்திரிகைத் தாள்களை விரிப்போரும் உளர். இந்தப் பகுதியும் வாரந்தோறும் பல இல்லங்களில் அப்பணிக்குச் செல்வதை அறிவேன், வருத்தமில்லை. ஆனால் தாளில் பழகிய குட்டி தாளையே தேடும். தரையில் கிடக்கும் பிள்ளையின் பாடக்கொப்பியும் அதற்குத் தாள்தான். ஆகவே தாளை நாளுக்கு நாள் வாசற்பக்கமாக நகர்த்த வேண்டும்.

வடகீழ்ப் பருவமழைதான் நம் பகுதியில் பெரிய சோதனை. ஐப்பசி தொடங்கித் தை வரை முற்றம் சேறாகிவிடும். ஈரத்தில் கால் வைக்க மறுத்து வாசற்படியில் நடுங்கும் குட்டியை வெளியே தள்ளினால், அது மழை விட்ட பின்னரும் அஞ்சும். தாழ்வாரத்தின் கீழ் ஒரு தட்டத்தில் மணல் நிரப்பி வைத்தால் போதும். மணலின் தொடுகை பழகிவிட்டால், பின்னர் முற்றத்து மணலுக்கு மாறுவது எளிது.

இவற்றையெல்லாம் சொல்லி முடித்தபோது, புனித தொன் போஸ்கோவின் நினைவு வந்தது. இத்தாலியின் தூரின் நகரில் ஆதரவற்ற சிறுவர்களிடையே பணியாற்றிய அவர், தமது கல்வி முறையை 1877இல் சிறு கட்டுரையாக எழுதினார். தவறு செய்தபின் தண்டிப்பது ஒரு முறை. தவறு நேராதவாறு பிள்ளைகளோடு எந்நேரமும் உடனிருப்பது மற்றது. பகுத்தறிவு, சமயம், அன்பு ஆகிய மூன்றின்மேல் இரண்டாவதை அவர் கட்டியெழுப்பினார். அடிப்பதை முற்றாக விலக்கினார். முதலாவது முறை எளிதென்றும், இரண்டாவது ஆசிரியருக்குக் கடினமென்றும் அவரே ஒப்புக்கொள்கின்றார். உண்மைதான். தும்புத்தடிக்கு ஒரு நிமிடம் போதும். உடனிருக்க நாள் முழுவதும் வேண்டும்.

கார்த்திகை முடிவில் மீண்டும் அவ்வில்லத்திற்குச் சென்றேன். "இப்ப பரவாயில்லை சுவாமி. ரெண்டு மூண்டு நாளைக்கு ஒருக்கா எங்கையாவது செய்யும், துடைச்சு விட்டிடுவன்" என்றார் அத்தாய். கோப்பையில் தேநீர் ஊற்றியவர், மகன் கொல்லைப்புறம் போகும்வரை காத்திருந்தார். பின்னர் குரலைத் தாழ்த்தினார்.

"சுவாமி, இவன் ராவில பாயை நனைக்கிறவன். இவனுக்கும் அதே தடியாலதான் அடிச்சனான். நனைஞ்ச விரிப்பைச் சுருட்டி அரிசிப் பெட்டிக்குப் பின்னால ஒளிச்சு வைப்பான். நீங்கள் அண்டைக்கு அலுமாரிக் கதை சொல்லேக்க எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது."

அன்பர்களே, ஏழு வயதிலும் உறக்கத்தில் படுக்கையை நனைக்கும் பிள்ளைகள் பலர் உளர். ஆழ்ந்த உறக்கத்தில் சிறுநீர்ப்பை நிறைந்ததை உணர்ந்து விழிக்க இயலாமையே பெரும்பாலும் காரணம். பெற்றோருக்கு இருந்திருந்தால் பிள்ளைக்கும் வருவது உண்டு. அது சோம்பலோ பிடிவாதமோ அல்ல. அடியினால் அது குறைவதுமில்லை. வைத்தியரிடம் காட்டுவதில் வெட்கப்பட ஏதுமில்லை. இதனை அத்தாயிடம் சொன்னபோது, அடுத்த வாரம் கிளினிக்கிற்குப் போக ஏற்கனவே நாள் எடுத்துவிட்டதாகச் சொன்னார். தன் சிறு வயதில் தனக்கும் அப்படி இருந்ததை மகனிடம் சொல்லியிருக்கின்றார். அதைக் கேட்டு அவன் வெகுநேரம் சிரித்தானாம்.

சிறுவன் திரும்பி வந்து, தாழ்வாரத்திலிருந்த மணல் தட்டத்தை எனக்குக் காட்டினான். குட்டி எப்போது விழிக்கும், எந்தப் பக்கமாகச் சுற்றினால் அவசரம் என்பதையெல்லாம் ஒரு வைத்தியரின் நிதானத்தோடு விளக்கினான். இரவு படுக்கப் போகுமுன் இருவரும் ஒன்றாகவே வெளியே போய் வருவார்களாம்.

நான் படலையை அடைந்தபோது துறைமுகத்துப் பக்கம் வானம் கறுத்திருந்தது. முற்றத்துக் கொடியில், தெருவில் போவோர் பார்க்கும்படி, ஒரு சிறிய படுக்கை விரிப்பு காய்ந்துகொண்டிருந்தது. முதல் துளி விழுந்ததும் சிறுவன் ஓடி வந்து அதனை உருவித் தோளில் போட்டுக்கொண்டான். குட்டி அவன் காலைச் சுற்றிக் குரைத்தது.