மருத்துவமனை நூலகரை மறந்துவிட்டோமா?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் ஷிப்டு மாறும் வேளையில், வரிசையாக நிற்கும் பேருந்துகளில் நம் பங்குப் பிள்ளைகளும் அமர்ந்திருப்பதைக் காண்கிறோம். இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கியபின் வயல்கள் சூழ்ந்த இப்பகுதியின் முகமே மாறிவிட்டது. இயந்திரங்களோடு வண்ணப்பூச்சுக் கரைப்பான்களும் பலவகை ரசாயனங்களும் வந்தன. அவற்றுள் ஒன்றை மூச்சில் இழுத்துவிட்ட இளைஞன் நள்ளிரவில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டால், மருத்துவர் எல்லாவற்றையும் மனப்பாடமாகவா வைத்திருப்பார்? அவருக்கு வேண்டிய கட்டுரையைத் தேடித் தரவேண்டியவர் நூலகரே.

தேடல் தவறினால் என்ன ஆகும்? 2001-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவ நிலையத்தில், ஆஸ்துமா ஆய்வொன்றுக்குத் தாமே முன்வந்த 24 வயதுப் பெண் ஊழியர், ஹெக்சாமெத்தோனியம் என்ற மருந்தை மூச்சில் உள்ளிழுத்தபின் நுரையீரல் பழுதுற்று இறந்தார். அம்மருந்தால் நுரையீரலுக்குத் தீங்குண்டு என்பதை 1950-களின் கட்டுரைகளே சொல்லியிருந்தன. ஆய்வாளர் தேடிய 'பப்மெட்' என்னும் கணினித் தொகுப்போ அன்று 1966-க்குப் பிற்பட்டவற்றையே பெரும்பாலும் காட்டியது! பழைய அச்சு அட்டவணைகளையும் புரட்டவேண்டும் என்பது பயிற்சி பெற்ற நூலகர் அறிந்த செய்தி.

இக்கலையில் நாம் பின்தங்கியவர்கள் அல்லர். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். அவர் வகுத்த கோலன் பகுப்புமுறையை மாணவருக்கு விளக்க ஆசிரியர்கள் பெரிதும் எடுத்தாளும் உதாரணமே நுரையீரல் காசநோய்ச் சிகிச்சை பற்றியதுதான். உறுப்பு, நோய், சிகிச்சை, நாடு, காலம் என்று ஒரு நூலின் பொருளைப் பிரித்துக் காட்டும் அம்முறை, மருத்துவரின் கேள்வியைப் பிரித்துப் பார்க்கவும் எவ்வளவு பொருத்தம்!

ஆயினும் பொது நூலகவியல் பட்டம் பெற்று வருபவருக்கு மருத்துவக் கலைச்சொற்களும், ஓர் ஆய்வு நம்பத்தக்கதா என எடைபோடும் முறையும் தனியே கற்பிக்கப்பட வேண்டும். அமெரிக்காவில் 1971-லேயே கெர்ட்ரூட் லாம்ப் என்னும் அம்மையார், மருத்துவர்களோடு நூலகரும் நோயாளிகளின் படுக்கையருகே செல்லும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தார். நம் பக்கத்திலோ நூலகர் என்றால் சாவி வைத்திருப்பவர் என்ற நினைப்பு இன்னும் முற்றிலும் போகவில்லை.

2025 சனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தால் அரசுக் கல்வி நிறுவனங்களுக்குச் சுமார் 13,000 ஆய்விதழ்கள் கிடைக்கின்றன. ஆனால் அதன் முதற்கட்டம் அரசு நிறுவனங்களுக்கே உரியது. தனியார், மிஷன் மருத்துவமனைகளின் நூலகர், இலவசமாகக் கிடைப்பது எது, பிற நூலகத்திடம் கேட்டுப் பெறத்தக்கது எது என்று அறிந்திருந்தாலன்றி வேறு வழியில்லை. போதாததற்கு, செயற்கை அறிவுக் கருவிகள் இல்லாத கட்டுரைகளையும் இருப்பதுபோல் எழுதிக் காட்டுகின்றன. அவற்றைச் சரிபார்ப்பதும் இவர் தலைமேல் விழுந்த புதுச் சுமை.

மருத்துவமனை நிர்வாகக் குழுக்களில் இடம்பெற்றுள்ள நம் வாசகர்கள், அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் செவிலியர் பயிற்சிக்கு ஒதுக்கும் தொகையை அடுத்து நூலகருக்கும் ஒரு வரி எழுதுவார்களா? ஆண்டுக்கு ஒரு வாரம், ஊதியத்துடன் கூடிய பயிற்சி விடுப்பு. தொடக்கத்துக்கு அதுவே போதும்.