பயிற்சியாளரும் பாஷையும்

கனடா தேசத்து மாண்ட்ரியல் நகரில் 1909-ஆம் ஆண்டில் தோன்றிய கனேடியன்ஸ் குழு ஆடுவது பனித்தரை ஹாக்கி. நம் நாட்டுப் புல்தரை ஹாக்கி அன்று. 2011 டிசம்பரில் அக்குழு ராண்டி கன்னிவொர்த் என்பவரைத் தற்காலிகத் தலைமைப் பயிற்சியாளராக அமர்த்தியது. அவருக்குப் பிரெஞ்சு பேச வராது. க்யூபெக் மாகாணத்தின் ஆட்சிமொழியோ பிரெஞ்சு. அபிமானிகள் கொதித்தெழுந்தனர், ஜனவரியில் அரங்கின் வாயிலிலேயே கொடி ஏந்தி நின்றனர்.

ஆட்டம் கற்பிப்பவருக்குப் பாஷை எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். அக்கட்சிக்கு வலுவான சான்று அல் மெக்நீல். பிரெஞ்சு அறியாத அவர் 1971-இல் ஸ்டான்லி கோப்பையையே வென்று தந்தார். ஆயினும் அடுத்த பருவத்தில் அவர் அப்பதவியில் இல்லை. அவரிடத்துக்கு வந்த ஸ்காட்டி பௌமனும் ஆங்கிலம் பேசும் குடும்பத்தவரே. ஆனால் பிரெஞ்சு பேசுவார். ஆகவே மக்கள் கேட்டது குலத்தை அன்று, பேச்சைத்தான் என்பது எமது கருத்து.

வீரர்கள் பல நாட்டினர். உடைமாற்றும் அறையில் ஆங்கிலமே போதும். பிரெஞ்சு வேண்டியிருப்பது ஆட்டம் முடிந்த பின்பு, நிருபர்கள் முன்னிலையில். தோல்வியுற்ற இரவில், "ஏன் தோற்றோம்?" என்ற கேள்விக்கு விடையைப் பயிற்சியாளர் வாயிலிருந்தே கேட்க அபிமானி விரும்புகிறான். மொழிபெயர்ப்பாளர் அவ்விடையைப் பொருள் பிசகாமல் சொல்லிவிடலாம். அதிலுள்ள தயக்கத்தையும் கோபத்தையும் எப்படிச் சொல்வது? எமது தொழிலே அதுவாதலால் இக்கஷ்டத்தை நாம் நன்கறிவோம்.

2012 ஜூனில் பிரெஞ்சு பேசும் மிஷேல் தெரியேன் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டார்.