ரோமானியத் தட்டு என்ற பழைய தீர்ப்பு

கங்கைகொண்டசோழபுரத்து மாளிகைமேட்டில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்ததைச் செந்துறைப் பக்கத்தார் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். அது கடல் கடந்து வந்த சரக்குதான், ஐயமில்லை. ஆனால் மெல்லிய, நேர்த்தியான பாண்டம் எதைக் கண்டாலும் அயல்நாட்டிலிருந்து வந்தது என்று முடிவுகட்டும் பழக்கம் நம்மிடம் ஊறிக்கிடக்கிறது. அந்தப் பிற்காலச் சோழர்களுக்கு ஆயிரம் ஆண்டு முந்திய அரிக்கமேட்டில் தேர்ந்த அறிஞர்களையே அது தடம் மாற்றியது.

புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் 1945-இல் மார்டிமர் வீலர் அகழாய்வு நடத்தினார். இத்தாலியின் அரெட்சோ நகரத்து அரிட்டைன் ஓடுகள் அங்கே கிடைத்தன. செந்நிற மெருகு ஏறிய உணவுக்கலங்கள் அவை. அவ்வகையில் சிலவற்றில் அச்சில் வார்த்த உருவங்கள் புடைத்து நிற்கும். விபீ, கமூரி, இட்டா என்று பட்டறைக்காரர்களின் முத்திரைகளும் சில ஓடுகளில் இருந்தன. இத்தாலியில் இவற்றின் காலம் தெரிந்திருந்ததால், எழுத்துச் சான்று குறைந்த தென்னிந்திய மண்ணடுக்குகளுக்கு முதன்முறையாக உறுதியான காலக்கணக்கு கிடைத்தது. வீலரின் இந்தச் சாதனையை எவரும் குறைத்துச் சொல்ல முடியாது.

சிக்கல், அதே குழிகளில் இன்னும் ஏராளமாகக் கிடைத்த ரௌலட்டட் தட்டுகளில் தொடங்கியது. சாம்பல் அல்லது கருநிறத்தில், மென்மையான களிமண்ணில் செய்த அகன்ற தட்டுகள். உள்பரப்பில் நுண்புள்ளிகள் வட்டவட்டமாக ஓடும். இந்தக் கலையை மத்தியதரைக் கடல் பகுதிக்குரியதாகவே வீலர் கருதினார். அங்கும் இத்தகைய புள்ளி அலங்காரம் உண்டு, ஆகவே நுட்பமாவது அங்கிருந்துதானே வந்திருக்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தொல்லியலாளர் விமலா பெக்லி 1980-களிலிருந்து காட்டியது இதுதான்: தட்டின் வடிவம் இந்தியாவுக்குரியது, ரோமானிய வணிகம் செழிப்பதற்கு முன்பே அது புழக்கத்துக்கு வந்துவிட்டது. 2005-இல் வெளியான வேதியியல் ஆய்வு, வெவ்வேறு ஊர்களில் கிடைத்த ஓடுகளின் மண் ஒரே நிலவியல் மூலத்தைச் சேர்ந்தது என்றது. இலங்கையின் அனுராதபுரத்திலும் பாலித் தீவிலும்கூட இதே தட்டு கிடைக்கிறது. சுழலும் பாண்டத்தின் மீது வளையும் தகடு ஒன்றைத் தொட்டுப் பிடித்தால் அது துள்ளித் துள்ளிப் புள்ளியிடும். சக்கரம் சுழற்றத் தெரிந்த குயவருக்கு இதை ரோமாபுரி கற்றுத்தர வேண்டியதில்லை.

அந்த மண் கங்கைக் கழிமுகத்தைச் சேர்ந்தது என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படியானால் தமிழகத்துக்கு இதில் என்ன பங்கு என்பது அடுத்த மறுப்பு. பங்கு பெரிது. வங்கத்திலிருந்து ஈழம்வரை நீண்ட கடற்கரை வணிகத்தை இந்தத் தட்டுகளைவிடத் தெளிவாகச் சொல்லும் பொருள் குறைவு. அழகன்குளத்தில் கிடைத்த ஒரு ரௌலட்டட் ஓட்டில் பாய்மரக் கப்பல் கீறப்பட்டிருக்கிறது. அது மத்தியதரைக் கடல் வகைக் கப்பல் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். வந்த கப்பலை இங்கிருந்த தட்டில் வரைந்திருக்கிறார்கள். முற்காலச் சோழரின் உறையூரிலும் இவ்வகை ஓடுகள் கிடைத்திருப்பதால், அவை காவிரி வழியே உள்நாட்டுக்குள்ளும் புகுந்தது தெரிகிறது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உழும்போது இப்படி ஒரு புள்ளியிட்ட கரிய சில்லு கண்ணில் பட்டால், ரோமானியப் பெயரில்லை என்று ஒதுக்காமல், கிடைத்த இடத்தைக் குறித்துத் தொல்லியல் துறையிடம் ஒப்படைக்க வேண்டும்.