யந்திர பெல்ட்டின் கீச்சொலியும் அதன் காரணங்களும்

பெரம்பலூர் ஜில்லா குன்னம் தாலுக்காவின் கரிசல் நிலங்களில் புரட்டாசி மழையை நம்பி விதைக்கப்படும் மக்காச்சோளம் தை மாதத்தை ஒட்டி அறுவடைக்கு வருகிறது. அக்காலத்தில் டிராக்டரைக் களத்தில் நிறுத்தி, அதன் விசையால் கதிரடிக்கும் யந்திரத்தைப் பல மணி நேரம் ஓட்டுவது வழக்கம். ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்று உண்டு. நிற்கும் டிராக்டருக்கோ விசிறியின் காற்றே துணை. அவ்விசிறியைச் சுழற்றுவது ஒரு ரப்பர் பெல்ட். பெரும்பாலான டிராக்டர்களில் தண்ணீர்ப் பம்பும், பாட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டரும் இந்த பெல்ட்டினாலேயே ஓடுகின்றன.

ஆகையால் பெல்ட்டின் கீச்சொலியை அற்பமென்று விட்டுவிடலாகாது. பெல்ட் வழுக்கினால் விசிறி மெதுவாகும்; ரேடியேட்டர் கொதிக்கும்; கவனியாது ஓட்டினால் பிஸ்டன் இறுகிவிடும். ஒரு பெல்ட்டின் விலையோடு தீர வேண்டிய குறை, அறுவடை நடுவில் எஞ்சினையே பிரிக்கும்படி செய்துவிடும்.

சத்தம் கேட்டதும் சோப்பு, கிரீஸ் முதலியன தடவுவோர் சிலர். இதனால் ஒலி அடங்குமேயன்றிக் குறை தீராது. எண்ணெய்ப்பசை ரப்பரைக் கெடுத்து மேலும் வழுக்கச் செய்யும்; தூசியும் சருகும் அதில் ஒட்டிக்கொள்ளும்.

காரணத்தை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, எட்ட நின்று, பெல்ட்டின் உட்புறத்தில் சிறிது தண்ணீர் தெளிக்க வேண்டும். ஒலி மிகுந்தால் பெல்ட் தளர்ந்துள்ளது. ஒலி அடங்கி, ஈரம் உலர்ந்ததும் திரும்பினால், பெரும்பாலும் கப்பிகள் ஒரே நேரில் இல்லை. மாறுதலின்றிக் கரகரப்பு நீடித்தால் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். விடியற்காலையில் கிளப்பியவுடன் சற்றே கீச்சிட்டு நிற்பதும் தளர்ச்சியின் முதல் அறிகுறியாகலாம். மோட்டார் காருக்கும் இச்சோதனை பொருந்தும்.

பின்னர் எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, சூடு ஆறவிட்டுக் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்க வேண்டும்:

1. இரு கப்பிகளுக்கு நடுவே பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால், பொதுவாக ஏறக்குறைய அரை அங்குலம் தாழலாம். சரியான அளவு யந்திரத்தின் கைப்புத்தகத்தில் காணப்படும். அதிகமாக இறுக்கினால் பேரிங் தேயும்.

2. கப்பிகளின் முகங்களில் நூல் பிடித்து நேர் பார்க்க வேண்டும்.

3. பெல்ட்டைக் கழற்றி, ஒவ்வொரு கப்பியையும் கையால் சுழற்றவும் ஆட்டவும் வேண்டும். ஆட்டமோ கரகரப்போ இருப்பின் பேரிங்கை மாற்றுவதே முறை.

4. சாய்ந்த பக்கங்களையுடைய பெல்ட் அப்பக்கங்களாலேயே கப்பியைப் பற்றுகிறது. பக்கங்கள் கண்ணாடிபோல் பளபளத்தாலும், அடிப்பாகம் கப்பியின் பள்ளத்தைத் தொட்டாலும், வெடிப்புகள் தோன்றினாலும் இறுக்குவதில் பயனில்லை. புதிய பெல்ட் போடுக.

புதிய பெல்ட் சில மணி நேரம் ஓடியபின் சற்றுத் தளர்வது இயல்பாதலால், மீண்டும் இறுக்கம் பார்க்க வேண்டும். பல பெல்ட்டுகள் இணையாக ஓடும் யந்திரங்களில் ஒன்று கெட்டாலும் எல்லாவற்றையும் ஒருசேர மாற்றுவதே நன்று; இல்லையேல் பளு புதியதன் மீதே விழும்.

யந்திரம் ஓடும்போது பெல்ட்டின் அருகே கை நீட்டலாகாது. தோளில் தொங்கும் துண்டும் அவிழ்ந்த வேட்டி நுனியும் கப்பியில் சிக்கினால் ஆளையே இழுத்துவிடும். பல குடும்பங்களின் மகசூலுக்கு ஒரே டிராக்டரை நம்பியுள்ள கிராமங்களில், அறுவடைக்கு முன்னரே இச்சோதனைகளை முடிக்கும்படி கிராம அதிகாரிகள் குடியானவர்களுக்கு எடுத்துரைப்பது பெரும் உபகாரமாகும்.