வானொலியைக் கேட்கும் யந்திரம்

வானொலிப் பெட்டி பேசும். நாம் இருந்து கேட்போம். இதுவே நாம் அறிந்த வழக்கம். ஆனால், வானொலி பேசுவதை ஒரு யந்திரம் இரவு பகலாக இருந்து கேட்டது என்றால் வாசகர்கள் வியப்படையக் கூடும். அதுவும் பொழுது போக்குக்காக அன்று. பாட்டையும் இசையையும் ஒதுக்கிவிட்டு, "எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் மருந்து முடிந்துவிட்டது", "நேற்று அடித்த காற்றிற் பள்ளிக்கூடத்தின் கூரை பறந்துவிட்டது" என்பன போன்ற சாதாரண மக்களின் வார்த்தைகளைப் பொறுக்கி எடுத்துக் கொடுப்பதே அதன் வேலை. கிழக்காபிரிக்காவில், விக்டோரியா ஏரியின் வடகரையைத் தொட்டு நிற்கும் உகண்டா நாட்டில் இந்த அரிய முயற்சி நடைபெற்றது.

குரல்கள் நிறைந்த நாடு

உகண்டா 1962 ஆம் ஆண்டிற் சுதந்திரம் பெற்றது. அதன் பின் முப்பது ஆண்டுகளாக அங்கே வானொலி அரசாங்கத்தின் கையிலேயே இருந்தது. 1993 இல் முதல் முதலாகத் தனியார் நிலையங்கள் தோன்றின. பின்னர் அவை மழை கண்ட காளான்களைப் போலப் பெருகி, இருநூறுக்கும் மேற்பட்டனவாயின. நாற்பதுக்கும் அதிகமான மொழிகள் வழங்கும் நாடு அது. மக்களிற் பெரும்பாலோர் கிராமங்களில் வாழும் கமக்காரர். பத்திரிகை எட்டாத குக்கிராமத்துக்கும் வானொலி எட்டிற்று, தாய்மொழியிலும் பேசிற்று.

கைத்தொலைபேசி பரவியபோது, கேட்டுக்கொண்டிருந்த நேயர்களும் பேசத் தொடங்கினர். கிணறு வற்றியதையும், பயிர் நோய் கண்டதையும், தாதி வேலைக்கு வராததையும் நிலையத்தை அழைத்துச் சொன்னார்கள். வட பகுதியில் வாழும் அச்சோலி மக்களிடம் வானொலிக்குத் தனி மதிப்பு உண்டு. இரு தசாப்தங்கள் நீடித்த உள்நாட்டுப் போரின்போது, 2002 இல் குலு நகரில் நிறுவப்பட்ட மெகா எப். எம். என்னும் நிலையம், காட்டிலே போராளிகளாக வைக்கப்பட்டிருந்த இளைஞரையும் சிறுவரையும் "வீட்டுக்குத் திரும்பி வாருங்கள்" என்று அச்சோலி மொழியிலே அழைத்தது. அக்குரலை நம்பித் திரும்பியோர் பலர்.

மக்கள் பேசினார்கள், சரி. அவ்வளவையும் யார் கேட்பது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருநூறு நிலையங்கள் நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் பேசுவதாக வைத்துக்கொண்டால், ஒரு நாட் பேச்சு இரண்டாயிரம் மணி நேரமாகும். எட்டு மணி நேரம் வேலை செய்வோர் 250 பேர் இருந்தால்தான் அதை அன்றன்றே கேட்டு முடிக்கலாம். மறுநாளும் அதே இரண்டாயிரம் மணி நேரம் வந்து நிற்கும்! இந்த இடத்தில்தான் யந்திரத்தின் காது தேவைப்பட்டது.

யந்திரம் மொழி கற்ற விதம்

ஐக்கிய நாடுகள் சபையின் செயலாளர் நாயகமாயிருந்த பான் கீ மூன், 2009 இல் 'குளோபல் பல்ஸ்', அதாவது 'உலக நாடி', என்ற அமைப்பைத் தொடங்கி வைத்தார். வைத்தியர் நாடி பிடித்து நோயறிவதைப் போல, உலகிலே நாள்தோறும் பெருகும் தகவல்களிலிருந்து மக்களின் இடர்களைக் காலத்தோடு அறிவது அதன் நோக்கம். உகண்டாவின் தலைநகராகிய கம்பாலாவில் அதன் ஆய்வுகூடம் ஒன்று அமைந்தது. அவ்வாய்வுகூடத்தாரும் தென்னாபிரிக்காவின் ஸ்டெலன்பொஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்தே இந்த வானொலி யந்திரத்தை உருவாக்கினர். அவர்களுடைய அனுபவங்களைக் கூறும் அறிக்கை 2017 இல் வெளியாயிற்று.

எப். எம். ஒலிபரப்பு நெடுந்தூரம் செல்வதில்லை. ஆகவே ஒலியைப் பிடிக்கும் சிறு கருவிகளை அந்தந்தப் பகுதியிலேயே வைக்க வேண்டியிருந்தது. அக்கருவிகள் பிடித்து அனுப்பியதை மையத்திலுள்ள கணினி முதலில் இசை வேறு பேச்சு வேறாகப் பிரித்தது. பின்னர் பேச்சை எழுத்தாக்கிற்று. வேண்டிய சொற்கள் எங்கே வருகின்றன என்று அவ்வெழுத்திலே தேடிற்று.

கேட்பதற்கு இது எளிதாகத் தோன்றும். ஆனால், ஆங்கிலம் போன்ற பெருமொழிகளைக் கணினிக்குக் கற்பிக்க ஆயிரக் கணக்கான மணி நேரப் பேச்சு, எழுத்துப் பிரதியோடு ஆயத்தமாக இருக்கிறது. கம்பாலாவைச் சூழ்ந்த பகுதிகளில் வழங்கும் லுகண்டா மொழிக்கோ, வடக்கின் அச்சோலி மொழிக்கோ அக்காலத்தில் அத்தகைய செல்வம் இருக்கவில்லை. ஆய்வாளர்கள் வானொலிப் பேச்சைப் பதிவு செய்து, அம்மொழி பேசுவோரைக் கொண்டு சொல் சொல்லாக எழுதுவித்தனர். இவ்வாறு கிடைத்தது மொழியொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் குறைவான பேச்சே. உகண்டா மக்கள் பேசும் ஆங்கிலமும் தனி ஓசை உடையது. ஆதலால் அதற்கும் வேறாகப் பாடம் தயாரிக்க வேண்டியதாயிற்று.

லுகண்டா மொழியில் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்நாட்டின் பகுதி புகண்டா, அங்கு வாழும் ஒருவர் முகண்டா, பலர் பகண்டா, அவர்கள் பேசுவது லுகண்டா. நம் மொழியிற் சொல்லின் ஈற்றிலே உருபுகள் ஒட்டுவதைப் போல, அங்கே சொல்லின் தலையிலே முன்னொட்டு மாறுகிறது. ஒரே அடிச்சொல் பற்பல வடிவங்களில் வருவதால், கணினி கற்க வேண்டிய சொற்களும் பெருகிவிடுகின்றன. எந்தச் சொல்லைத் தேடுவது என்பதும் கேள்வியே. மலேரியா என்ற சொல்லை மட்டும் தேடினாற் போதாது. லுகண்டா பேசுவோர் அதை 'ஒமுசுஜ்ஜா க்வென்சிரி', அதாவது 'நுளம்புக் காய்ச்சல்', என்கிறார்கள். வெறுமனே 'காய்ச்சல்' என்று சொல்லி விடுவதும் உண்டு. மக்களின் வாய்மொழியை அறிந்தவரே தேடும் சொல்லைத் தெரிந்தெடுக்க முடியும்.

இதனினும் வியப்பான சோதனை ஒன்றையும் 2017 இல் அவர்கள் செய்தார்கள். புதிய ஓரிடத்திற் பேரிடர் நேர்ந்தால், பத்து மணி நேரப் பேச்சை எழுதுவிக்க அவகாசம் ஏது? ஆகவே, எழுத்துப் பிரதியுள்ள அச்சோலிப் பேச்சு 12 நிமிடங்கள் மட்டுமே கிடைத்ததாக வைத்துக்கொண்டார்கள். லுகண்டாவிலும் ஆங்கிலத்திலும் கற்ற ஒலியறிவைத் துணையாகக் கொடுத்தார்கள். யந்திரம் எழுதப்படாத அச்சோலிப் பேச்சைத் தானே எழுதிப் பார்த்து, அதையே மீண்டும் பாடமாகக் கொண்டு கற்றது. அவ்வாறு கற்ற யந்திரமும், பிழைகளோடாயினும், முக்கியமான சொற்களைப் பயன்படுமளவுக்கு இனங்கண்டது.

பிழை பொறுக்கும் வேலை

இந்த யந்திரத்தின் எழுத்துப் பிரதியை ஒருவர் வாசித்தால் தலை சுற்றும். பிழைகள் அவ்வளவு மலிந்திருக்கும். ஆயினும் பேச்சு முழுவதையும் பிழையின்றி எழுதும்படி அதை யாரும் கேட்கவில்லை. "இந்த இடத்தில் வெள்ளம் என்ற சொல் வந்தது போலிருக்கிறது" என்று சுட்டிக் காட்டினாற் போதும். அம்மொழியறிந்த மனிதர் அந்தச் சிறு பகுதியை எடுத்துக் கேட்பார். வெள்ளம் உண்மையில் வந்ததா, அல்லது யந்திரத்தின் காது மயங்கிற்றா, அல்லது போதகர் ஒருவர் நோவாவின் காலத்து வெள்ளத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறாரா என்று அவரே தீர்மானிப்பார். சுளகு பதரைப் புடைக்கும்; கல்லைப் பொறுக்குவது கைவிரல்தான்.

செய்தியாகாத துயரங்கள்

2010 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், எல்கன் மலைச்சாரலிலுள்ள புடூடாவில் மண் சரிந்து நூற்றுக் கணக்கானோர் மாண்டனர். அச்செய்தியை உலகம் அறிந்தது, உதவியும் சென்றது. ஆனால், ஓரூரிலே ஒரு பாலம் அடித்துச் செல்லப்பட்டால், பத்து வீட்டுக் கூரைகள் பறந்தால், ஆலங்கட்டி மழை ஒரு கிராமத்தின் பயிரை அழித்தால், அதைத் தலைநகரில் யார் அறிவார்? இத்தகைய சிறு துயரங்கள் ஒன்றன் மேல் ஒன்றாகச் சேர்ந்தே ஏழைக் குடும்பத்தை மேலும் ஏழையாக்குகின்றன. அவை முதலில் ஒலிப்பதும், பல வேளைகளில் அங்கு மட்டுமே ஒலிப்பதும் உள்ளூர் வானொலியில்தான். ஆகவே உள்ளூர் அனர்த்தங்கள், நோய் பரவல், சுகாதார சேவையின் குறைகள் ஆகியவற்றை அறிய இந்த யந்திரம் பரீட்சிக்கப்பட்டது.

அகதிகளைப் பற்றிய பேச்சும் ஆராயப்பட்டது. 2016 இல் தென் சூடானிற் போர் மீண்டும் மூண்டபோது, எல்லை கடந்து வந்தோரால் உகண்டாவின் அகதிகள் தொகை பத்து இலட்சத்துக்கும் மேலாயிற்று. அந்நாடு அவர்களுக்கு நிலம் கொடுத்தது. தொழில் செய்ய உரிமையும் கொடுத்தது. எனினும், விறகுக்கும் தண்ணீருக்கும் இரு சாராரும் ஒரே காட்டுக்கும் ஒரே கிணற்றுக்கும் போக வேண்டியிருந்தால் மனக்கசப்புத் தோன்றுவது இயல்பு. அது கைகலப்பாக மூளுமுன், வானொலியில் முணுமுணுப்பாக இருக்கும்போதே அறிந்துகொண்டால், இன்னொரு கிணறு தோண்டித் தீர்த்துவிடலாம் அல்லவா?

ஒட்டுக் கேட்பதா, செவி சாய்ப்பதா?

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். உகண்டாவில் 2000 ஆம் ஆண்டளவில் 'எபிமீசா' என்னும் வானொலி விவாதங்கள் தொடங்கின. மேசையைச் சுற்றி மக்கள் கூடி அரசியல் பேச, அது நேரடியாக ஒலிபரப்பாகும். 2009 செப்டெம்பரிற் கம்பாலாவிலே கலகம் மூண்டபோது அரசாங்கம் அவ்விவாதங்களைத் தடை செய்தது. சில நிலையங்களையும் மூடிற்று. "மருந்தில்லை" என்ற சொல்லைத் தேடக்கூடிய யந்திரம், மந்திரியை ஏசிய குரலையும் தேடக்கூடும். வானொலியிற் பேசுவது பகிரங்கப் பேச்சே. ஆயினும், காற்றோடு போய்விடும் என்று நம்பிப் பேசியவரின் வார்த்தை என்றைக்கும் அழியாத ஏட்டில் ஏறுமானால், நாளை அவர் வாய் திறக்க அஞ்சுவார். அழைத்தவரின் பெயரை அல்ல, அவர் சொன்ன குறையை மட்டும் எடுத்துக்கொள்வதே அறமாகும்.

பேசாதோரையும் மறக்கலாகாது. தொலைபேசிக்குக் காசில்லாதவர், சபையிற் பேசக் கூச்சப்படும் பெண்கள், வானொலியில் இடம் பெறாத சிறு மொழியினர் ஆகியோரின் குறைகளை எந்த யந்திரமும் கேட்காது. யந்திரத்துக்குக் கேட்கவில்லை என்பதால் அங்கே குறையில்லை என்று அதிகாரிகள் எண்ணிவிட்டால், வந்த வினைக்கு யந்திரமே துணை போனதாகும்.

கணினி கற்கும் மாணவர்களுக்கு இந்த வரலாற்றில் ஒரு நற்செய்தி உண்டு. செல்வம் மிகுந்த பெருமொழிகளுக்கு மட்டுமே விஞ்ஞானம் பணி செய்யும் என்பதில்லை. பத்து மணி நேரப் பேச்சையும் அதைப் பொறுமையோடு எழுதும் சில மனிதரையும் கொண்டு, சிறிய மொழியொன்றின் குரலைத் தலைநகரின் அலுவலகத்துக்குக் கொண்டு செல்லலாம் என்பதை உகண்டா காட்டியது. எனினும், ஆஸ்பத்திரியில் மருந்தில்லை என்பதை யந்திரம் எத்துணை விரைவாகச் சொன்னாலும், மருந்தை ஏற்றிய வாகனம் புறப்படாவிட்டால் அச்சொல்லாற் பயனில்லை. நம் மொழியில் 'கேட்டான்' என்றால் ஒலி காதில் விழுந்தது என்றும் பொருள்; சொன்னபடி செய்தான் என்றும் பொருள். முதலாவதை யந்திரம் செய்துவிட்டது. இரண்டாவது மனிதர் கையில் இருக்கிறது.