குழாய் அதிர்ந்தால் மீட்டர் பொய்க் கணக்குச் சொல்லும்

கிணற்றில் எவ்வளவு தண்ணீர் இறைக்கிறீர்கள் என்று கேட்டால், "மூன்று அங்குலக் குழாய் நிறைய வருகிறது" என்றுதான் நமது விவசாயிகளில் பெரும்பாலோர் பதில் சொல்வார்கள். வாய்க்காலில் விட்டு மடை திருப்பும் பாசனத்துக்கு அந்தக் கணக்கு போதுமானதாக இருந்தது. சொட்டு நீர்ப்பாசனம் வந்து, உரத்தையும் தண்ணீரில் கரைத்தே கொடுக்கும் முறை பரவிய பிறகு அது போதாது. மணிக்கு எத்தனை லிட்டர் என்று தெரிந்தாக வேண்டும்.

பங்குக் கிணற்றுக்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஆளுக்கு மூன்று மணி நேரம் என்று முறை வைத்தால், முதலில் மோட்டார் போடுகிறவருக்குத் தண்ணீர் கொட்டும். நீர்மட்டம் இறங்கிய பின் போடுகிறவருக்கு அதே மூன்று மணியில் பாதி வயல்கூட நனையாது. இந்தச் சச்சரவுக்கு மணிக் கணக்கை விட்டு லிட்டர் கணக்குக்கு வருவதே நியாயமான வழி. ஆனால் மீட்டர் வாங்கி மாட்டியதோடு வேலை முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. குழாய் அதிர்ந்துகொண்டிருந்தால் மீட்டர் காட்டும் அளவு தவறாக இருக்கும். பெரும்பாலும் வந்த தண்ணீரைவிட அதிகமாகவே காட்டும்.

ஏன் அதிகம் காட்டுகிறது?

தண்ணீர் ஒரே சீராக வராமல் விட்டு விட்டுத் துடித்து வருவதே காரணம். சக்கரம் சுழலும் மீட்டரை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் வேகமாக வரும் நொடியில் சக்கரம் சட்டென்று வேகம் பிடிக்கிறது. தண்ணீர் தணியும் நொடியில் அதே விரைவில் வேகம் குறைவதில்லை. ஓடிய ஓட்டத்தில் சற்று நேரம் சுழன்றுகொண்டே இருக்கிறது. அந்த வீண் சுற்றும் கணக்கில் ஏறிவிடுகிறது.

குழாயின் குறுகலான இடத்தில் அழுத்த வித்தியாசத்தைப் பார்த்து அளக்கும் மீட்டர்களிலும் தவறு உண்டு. அழுத்த வித்தியாசம் நீரோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். ஓட்டம் ஒரு கணம் 2 லிட்டர், அடுத்த கணம் 4 லிட்டர் என்று மாறி மாறி வந்தால் சராசரி 3 லிட்டர். வர்க்கங்கள் 4, 16. அவற்றின் சராசரி 10. அதன் வர்க்கமூலம் 3.16. மீட்டர் நூற்றுக்கு 5 கூடுதலாகக் காட்டிவிட்டது. ஒரு கணம் 6 லிட்டர், மறுகணம் ஒன்றுமே இல்லை என்று வந்தாலும் சராசரி 3 தான், மீட்டரோ 4.24 என்று காட்டும்!

இதனால் பயிருக்கு என்ன கெடுதல்? லிட்டருக்கு 1 கிராம் வீதம் உரம் கொடுக்க நினைக்கிறீர்கள். மீட்டர் 20,000 லிட்டர் காட்டுகிறது, ஆகவே 20 கிலோ கரைக்கிறீர்கள். உண்மையில் ஓடியது 16,000 லிட்டர் என்றால், லிட்டருக்கு 1.25 கிராம் ஆகிவிடுகிறது. தண்ணீர் குறைவு, உப்பு அதிகம். இளம் நாற்றுகளின் இலை நுனி கருகினால் உரக் கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை.

அதிர்ச்சி எங்கிருந்து வருகிறது?

மோட்டார் மெக்கானிக்குகள் திருப்புளியின் முனையைக் குழாயில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பார்கள். நல்ல முறை. நீங்களும் செய்து பார்க்கலாம். சுழலும் பாகங்களின் அருகில் மட்டும் போகாதீர்கள்.

பம்புக்குள் கூழாங்கல்லைப் போட்டு உருட்டுவது போல் சத்தம் கேட்டால், உறிஞ்சும் பக்கத்தில் கோளாறு. காற்றின் அழுத்தம் தண்ணீரைச் சுமார் 34 அடி வரை ஏற்றும் என்பது ஏட்டுக் கணக்கு. நடைமுறையில் 20, 22 அடிக்கு மேல் உறிஞ்சவிட்டால் தண்ணீருக்குள் ஆவிக் குமிழிகள் உண்டாகி, பம்பின் உள்ளே போய் உடைகின்றன. அந்தச் சத்தம்தான் அது. குழாயும் அதிரும், விசிறியும் அரிக்கப்படும். ஃபுட் வால்வில் தழை அடைத்திருந்தாலும், உறிஞ்சு குழாய் அளவில் சிறுத்திருந்தாலும் இதே நிலைதான். கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது பம்பையும் இறக்கி வைக்க வேண்டும். பலர் இதைச் செய்யச் சோம்பிவிட்டு, பேரிங் போய்விட்டது என்று செலவு செய்கிறார்கள்.

சத்தம் சீராக இருந்து குழாய் மட்டும் ஆடினால், அஸ்திவார போல்ட்டுகளையும் பம்பும் மோட்டாரும் நேர்கோட்டில் இருக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். டெலிவரி குழாயின் பாரம் பம்பின் மேல் விழாதபடி தனியாகத் தாங்கல் கொடுங்கள். பெரிய பம்பை ஓட்டிக்கொண்டு ஒரே ஒரு வயலின் வால்வை மட்டும் திறந்து பாய்ச்சினாலும் பம்பு திணறிக் குழாயில் அதிர்ச்சி உண்டாகும். இரண்டு வயலைச் சேர்த்துத் திறக்கலாம், அல்லது மிகுதி நீரைக் கிணற்றுக்கே திருப்பிவிடலாம்.

பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. பின்னால் உதவும் என்று டெலிவரி குழாயில் ஒரு கிளை விட்டு, அதன் கடைசியில் மூடி போட்டு வைப்பார்கள். நாகசுரத்தின் சுரம் குழலின் நீளத்தைப் பொறுத்திருப்பது போல, இந்த மூடிய கிளைக்கும் அதன் நீளத்துக்கேற்ற துடிப்பு உண்டு. பி.வி.சி. குழாயில் உள்ள தண்ணீரில் ஒலி நொடிக்குச் சுமார் 400 மீட்டர் ஓடும். கிளை 14 அடி நீளமானால் அதன் துடிப்பு நொடிக்கு ஏறக்குறைய 24. நிமிடத்துக்கு 1,440 சுற்று ஓடும் மோட்டாரும் நொடிக்கு 24 சுற்றுதான். இரண்டும் ஒத்துப்போனால் சிறு துடிப்பும் பெரிதாகி, குழாய் முழுவதும் உறுமும். பரிகாரம் எளிது: கிளையின் கடைசியில் மூடுவதற்குப் பதிலாக, பிரியும் இடத்திலேயே வால்வு வைத்து அடைத்துவிடுங்கள்.

பிஸ்டன் பம்பும் காற்று அறையும்

மருந்து தெளிக்கும் கால் தெளிப்பானில் ஒரு காற்று அறை இருப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மிதிக்கும்போது மட்டும் மருந்து பீச்சியடிக்காமல் ஒரே சீராக வருவதற்கு அதுதான் காரணம். தண்ணீர் தள்ளப்படும்போது அறைக்குள் உள்ள காற்று சுருங்கி இடம் கொடுக்கிறது. தள்ளல் ஓய்ந்ததும் விரிந்து தண்ணீரை வெளியே அனுப்புகிறது. காற்றாடியால் இயங்கும் இறைப்பான், உரக்கரைசல் செலுத்தும் பம்பு முதலிய பிஸ்டன் வகைகளுக்கும் இதே வைத்தியம்தான். அறையைப் பம்புக்கு வெகு அருகில் வைக்க வேண்டும். ஒரு வீச்சில் தள்ளப்படும் தண்ணீரைப் போல் பல மடங்கு காற்று அதில் இருக்க வேண்டும். நாளடைவில் காற்று தண்ணீரில் கரைந்துபோய் அறை நீரால் நிறைந்துவிடும். அவ்வப்போது வடித்துக் காற்றை நிரப்புங்கள். பி.வி.சி. குழாய்த் துண்டில் இந்த அறையைச் செய்யவே வேண்டாம். அழுத்தப்பட்ட காற்றோடு அது வெடித்தால் சிதறி ஆளைக் காயப்படுத்தும். இரும்பே நல்லது.

பிரஷர் கேஜின் முள் படபடத்தால் அதன் கீழுள்ள திருகைப் பாதி மூடி முள்ளை நிறுத்திவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. முள் நிற்கும், குழாய்க்குள் துடிப்பு நிற்காது.

வால்வைச் சட்டென்று மூடும்போது 'டொம்' என்று கேட்பது வேறு வகை. மாஸ்கோ நகரக் குடிநீர்க் குழாய்களில் சோதனை செய்து இதன் கணக்கை 1898-ல் வெளியிட்டவர் ரஷ்ய அறிஞர் ஜூக்கோவ்ஸ்கி. நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீரைத் திடீரென்று நிறுத்தினால், பி.வி.சி. குழாயில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 4 கிலோவும், இரும்புக் குழாயில் சுமார் 12 கிலோவும் அழுத்தம் கூடும். 4 கிலோ தாங்கும் குழாயில் ஏற்கெனவே 2 கிலோ இருந்தால் கதி என்ன? மீட்டரின் பற்சக்கரங்களும் இதில்தான் கெடுகின்றன. வால்வை நிதானமாக மூடுங்கள். அடுத்த வயலின் வால்வைத் திறந்த பிறகே முதல் வயலை மூடுங்கள்.

மீட்டரை எங்கே வைப்பது?

வளைவுக்கும் வால்வுக்கும் பக்கத்தில் வைக்கக் கூடாது. மீட்டருக்கு முன்னால் குழாய் விட்டத்தைப் போல் 10 மடங்கும், பின்னால் 5 மடங்கும் நேர்க்குழாய் வேண்டும். 3 அங்குலக் குழாயானால் முன்னே இரண்டரை அடி, பின்னே ஒன்றே கால் அடி. இடம் இருந்தால் இன்னும் கூட விடலாம். ஃபில்டருக்கு அடுத்து, உரம் சேரும் இடத்துக்கு முன்பாக வையுங்கள். ஓட்டத்தைக் குறைக்கும் வால்வு மீட்டருக்குப் பின்னால் இருக்கட்டும். மீட்டர் உள்ள இடத்தில் குழாய் எப்போதும் நிறைந்து ஓட வேண்டும். முன்னால் மேடான இடத்தில் ஒரு காற்றுப் போக்கி வால்வு அவசியம். மீட்டருக்குக் காற்றும் ஒன்றுதான், தண்ணீரும் ஒன்றுதான். எது வந்தாலும் சக்கரம் சுற்றும்.

அதனால்தான் கம்ப்ரசர் வைத்து இறைக்கும் ஆழ்குழாய்க் கிணற்றின் வாயில் மீட்டர் மாட்டுவது வீண். அங்கே காற்றும் தண்ணீரும் கலந்து குமுறிக் குமுறி வருகின்றன. தொட்டியில் விட்டு, காற்றுப் பிரிந்த பிறகு அளக்க வேண்டும். தொட்டியின் வாயில் 90 டிகிரியில் 'வி' வடிவமாக வெட்டிய தகட்டைப் பொருத்தினால் போதும். விளிம்பு கூர்மையாக இருக்கட்டும். தகட்டுக்குச் சற்றுப் பின்னே தள்ளி, வெட்டின் அடிமட்டத்துக்கு மேல் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பாருங்கள். 8 செ.மீ. என்றால் நொடிக்கு 2.5 லிட்டர், 10 செ.மீ. என்றால் 4.4, 12 செ.மீ. என்றால் 6.9, 15 செ.மீ. என்றால் 12 லிட்டர். 10 செ.மீ. உயரத்தில் ஒரு மில்லிமீட்டர் தவறிப் படித்தாலே நூற்றுக்கு இரண்டரை தவறிவிடும், ஆகையால் கவனமாக அளக்க வேண்டும்.

மாட்டிய மீட்டர் சரியா என்று பார்க்க 200 லிட்டர் டிரம் ஒன்று போதும். ஐந்து டிரம் நிரம்பினால் மீட்டரில் ஒரு கன மீட்டர் ஏறியிருக்க வேண்டும். பங்குக் கிணறாக இருந்தால் பங்காளிகள் எல்லோரையும் வைத்துக்கொண்டே டிரம்மை நிரப்புங்கள். சித்திரையில் நீர்மட்டம் இறங்கியிருக்கும்போது ஒரு முறையும், மழைக்குப் பின் கிணறு நிறைந்திருக்கும்போது ஒரு முறையும் பார்ப்பது நல்லது. ஃபில்டரைக் கழுவிவிட்டுப் பாருங்கள்.